ஒளிரும் ஆக்சலாட்டில்... குழுக் கடன் வாங்கி வளர்க்கலாமா?

“அனந்தபுரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், செல்போன் விளையாட்டில் பார்த்த ‘ஆக்சலாட்டில்’ என்ற நீர்ப்பிராணியை வாங்கித் தரச் சொல்கிறான். விசாரித்தபோது ஒருவர், ‘இருட்டில் பச்சையாக ஒளிரும் மரபணு மாற்று ரகம் இருக்கிறது. ஐந்து ஜோடி தருகிறோம். நீங்கள் வளர்த்துக் கொடுக்கும் குஞ்சுகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்கிறார். முன்பணம் 60,000 ரூபாய் கேட்கிறார். இதற்காக மகளிர் குழுவில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாட்டுக் கொட்டகை பக்கத்தில் சும்மா கிடக்கும் சிமென்ட் தொட்டியில் இதை வளர்க்க முடியுமா? சட்டப்படி அனுமதி உண்டா?”

- வாசகி, அனந்தபுரம், செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

வேண்டாம். குழுக் கடன் கைக்கு வரும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒளிரும் ஆக்சலாட்டிலை இந்தியாவில் வளர்த்து விற்க அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும், செஞ்சி வெயிலில் திறந்த சிமென்ட் தொட்டியில் அது பிழைக்காது. ‘திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்ற பேச்சை நம்பித் தமிழக விவசாயிகள் முன்பே பெரும் பணத்தை இழந்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் விவரமாகத் தெரிந்துகொண்டால், பக்கத்து வீட்டுக்காரர் இதே யோசனையோடு வந்தாலும் அவருக்கும் எடுத்துச் சொல்ல முடியும்.

ஆக்சலாட்டில் என்பது மீனா?

கடைகளில் இதை ‘நடக்கும் மீன்’ என்று சொல்லி விற்பார்கள். ஆனால், இது மீன் இல்லை. தவளை, தேரை போன்ற இருவாழ்வி இனத்தைச் சேர்ந்தது. நான்கு கால்கள், நீண்ட வால், தலையின் இரு பக்கமும் இறகு போல விரிந்த செவுள்கள் என்று இருக்கும். சுமார் முக்கால் அடியிலிருந்து ஓர் அடி நீளம் வரை வளரும். நன்றாகப் பராமரித்தால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும்.

நம்மூர் குட்டையில் மழைக்காலத்தில் நீந்தும் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, வாலும் செவுளும் மறைந்து, அது தவளையாகிக் கரையேறிவிடும். ஆக்சலாட்டில் அப்படிக் கரையேறுவதில்லை. செவுளோடும் வாலோடும் ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே இருந்து, அந்த நிலையிலேயே முட்டையும் இடுகிறது. கால் துண்டிக்கப்பட்டால் எலும்பு, சதை, தோல் என்று முழுக் காலையும் மறுபடி வளர்த்துக்கொள்ளும். இதனால்தான் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இதை வளர்க்கிறார்கள். 1864-ம் ஆண்டில் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டில்கள் பாரிஸ் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆய்வகங்களில் இவற்றை வளர்ப்பது அங்கிருந்துதான் தொடங்கியது.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சொச்சிமில்கோ கால்வாய்ப் பகுதி. அந்த இடம் விவசாயிகளுக்கு அந்நியமானது அல்ல. ஆழம் குறைந்த ஏரிக்குள் சேற்றையும் செடிகொடிகளையும் மேடாகக் குவித்து, அதன் மேல் மக்காச்சோளமும் காய்கறியும் விளைவிக்கும் ‘சினாம்பா’ விவசாயம் அங்கே நூற்றாண்டுகளாக நடக்கிறது. அந்த மேடுகளுக்கு இடையிலுள்ள குளிர்ந்த கால்வாய்களில்தான் ஆக்சலாட்டில் வாழ்கிறது. 1998-ம் ஆண்டில் எடுத்த கணக்கில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன. 2014-ம் ஆண்டில் எடுத்தபோது 36 மட்டுமே மிஞ்சியிருந்தன. நகரத்துக் கழிவுநீர் ஒரு காரணம். உணவுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட திலேப்பியா, கெண்டை மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது இன்னொரு காரணம். திலேப்பியா என்பது நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் அதே ஜிலேபி மீன்தான். அது 1952-ம் ஆண்டில் மண்டபம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது.

இப்போது அங்குள்ள விவசாயிகள் சிலர், மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தங்கள் நிலத்தை ஒட்டிய சிறு கால்வாய்களின் வாயில் வடிகட்டித் தடுப்பு வைத்து, பூச்சிக்கொல்லி இல்லாமல் விவசாயம் செய்து, இந்தப் பிராணிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2021-ம் ஆண்டில் மெக்சிகோ வெளியிட்ட 50 பெசோ நோட்டில் இதன் படம் இருக்கிறது. அதே ஆண்டில் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டிலும் இது சேர்க்கப்பட்டது. உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இதன் மேல் ஆசை வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒளி எப்படி வருகிறது?

‘இருட்டில் ஒளிரும்’ என்பது விற்பவர் சொல்லும் பேச்சு. மின்மினிப்பூச்சி தானே ஒளியை உண்டாக்குகிறது. இந்த ஆக்சலாட்டில் அப்படிச் செய்யாது. வங்கியில் ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டும்போது எண் அச்சிட்ட இடம் பளிச்சென்று தெரிகிறதல்லவா? அது போலத்தான் இதுவும். நீல விளக்கோ, புற ஊதா விளக்கோ பட்டால் பச்சையாக ஒளிரும். விளக்கை அணைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

இந்தப் பச்சைக்குக் காரணமான புரதத்தை, ஒரு வகைக் கடல் சொறிமீனிலிருந்து 1962-ம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை வேறு உயிர்களுக்குள் செலுத்தி, உடலுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியும் என்று பிறகு தெரியவந்தது. இதற்காக ஷிமோமுராவுக்கும் வேறு இருவருக்கும் 2008-ம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் இந்த மரபணுவை ஆக்சலாட்டிலுக்குள் செலுத்தினார்கள். வெட்டுப்பட்ட கால் மறுபடி வளரும்போது எந்த உயிரணு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். மனிதருக்கு ஏற்படும் காயங்களைக் குணப்படுத்த இந்த அறிவு உதவும். ஆய்வகத்துக்காக உருவான அந்த வகைதான் பின்னர் அமெரிக்கா போன்ற நாடுகளில் செல்லப்பிராணிச் சந்தைக்கும் வந்தது.

செலுத்திய மரபணு அடுத்த தலைமுறைக்கும் போகும். பி.டி பருத்தியில் பூச்சியை எதிர்க்கும் மரபணு விதைக்குள்ளேயே இருப்பது போலத்தான். ஆகவே, ஒளிரும் ஆக்சலாட்டில் சாயம் ஏற்றிய பிராணி அல்ல. சட்டத்தின் பார்வையில் அது மரபணு மாற்றப்பட்ட உயிரினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டு சட்டங்கள் இதில் குறுக்கிடுகின்றன.

முதலாவது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986. இதன் கீழ் 1989-ம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட விதிகளின்படி, மரபணு மாற்றப்பட்ட எந்த உயிரினத்தையும் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்யவோ, பெருக்கவோ, விற்கவோ கூடாது. அனுமதி வழங்குவது மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. 2002-ம் ஆண்டில் பி.டி பருத்தி இந்தக் குழுவைத் தாண்டித்தான் வயலுக்கு வந்தது. பி.டி கத்திரிக்காய்க்குக் குழு பச்சைக்கொடி காட்டியும், 2010-ம் ஆண்டில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. மரபணு மாற்றுக் கடுகு 2022-ம் ஆண்டில் அனுமதி பெற்று, உச்ச நீதிமன்றத்தில் வழக்காகிவிட்டது. இவ்வளவு விவாதத்துக்குப் பிறகும் வணிக சாகுபடிக்கு வந்திருப்பது பருத்தி ஒன்றுதான். வளர்த்து விற்பதற்காக மரபணு மாற்று விலங்கு ஒன்றுகூட இந்தியாவில் அனுமதி பெறவில்லை. ஒளிரும் ஆக்சலாட்டிலுக்கும் ஒளிரும் மீனுக்கும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தை மீறினால் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

இரண்டாவது, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாவது பட்டியலில் ஆக்சலாட்டில் இருக்கிறது. 2022-ம் ஆண்டு செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இந்தப் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. மத்திய அரசின் ‘பரிவேஷ் 2.0’ இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தகவல் தர வேண்டும். அது குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறு ஒருவர் கைக்கு மாறினாலும் தெரிவிக்க வேண்டும்.

அதாவது, ஒளிராத சாதாரண ஆக்சலாட்டிலுக்கே இவ்வளவு நடைமுறை உண்டு. ஒளிரும் ரகத்துக்கோ அனுமதி பெறும் பேச்சுக்கே இப்போது இடமில்லை. ‘எல்லாக் கடையிலும் விற்கிறார்களே’ என்று முகவர் சொல்லலாம். கடையில் கிடைக்கிறது என்பது அனுமதிச் சான்று ஆகாது. தாய்லாந்திலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் அயல்நாட்டு உயிரினங்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பிடிப்பது அடிக்கடி செய்தியாகிறது. அப்படி வந்த பிராணி கடைசியில் யார் வீட்டுத் தொட்டியில் இருக்கிறதோ, அவரிடம்தான் அதிகாரிகள் காகிதம் கேட்பார்கள். முகவரின் கைப்பேசி அப்போது எடுக்காது.

செஞ்சி வெயில் தாங்குமா?

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். அந்தக் குளிர்நீரில் பழகிய ஆக்சலாட்டிலுக்கு 16 முதல் 18 டிகிரி வெப்பநிலை ஏற்றது. 24 டிகிரியைத் தாண்டினால் தீனி எடுக்காது. செவுள் சுருங்கும். உடலில் பஞ்சு போலப் பூஞ்சை படரும். அந்த நிலை நீடித்தால் இறந்துவிடும்.

செஞ்சிப் பகுதி பாறைக் குன்றுகள் சூழ்ந்தது. கோடையில் பகலில் பாறை உள்வாங்கும் வெப்பம் இரவிலும் இறங்காது. திறந்தவெளி சிமென்ட் தொட்டியில் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நிழல்வலை கட்டினாலும், மண்பானையில் வைத்தாலும் 18 டிகிரிக்குக் கொண்டுவர முடியாது. தண்ணீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ கருவி கட்டாயம் வேண்டும்.

அதற்கான மின்செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிறிய கண்ணாடித் தொட்டிக்கு 200 வாட் கருவி நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 3 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 180 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் அதிலேயே தீர்ந்துபோகும். இது ஒரு தொட்டிக்கான கணக்கு மட்டுமே. ஐந்து ஜோடிக்கும் குஞ்சுகளுக்கும் பல தொட்டிகள் தேவைப்படும். ஏனென்றால், சிறு வயதில் இவை ஒன்றின் காலை ஒன்று கடித்துத் தின்னும். பம்புசெட்டுக்குத் தரப்படும் இலவச விவசாய மின்சாரத்தை இதற்குத் திருப்பினால், அது தனியாக ஒரு குற்றம். சித்திரை மாதத்தில் அரை நாள் மின்தடை வந்தாலே தொட்டி முழுக்கச் சூடேறிவிடும்.

‘திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’

பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்தவர்களுக்கு இந்த வார்த்தை நன்றாகப் பழக்கம். முன்பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தருகிறோம், மாதாமாதம் பணம் தருகிறோம், பறவையையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் நிலத்தை அடகு வைத்துச் சேர்ந்தார்கள். ஆனால், ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் சொல்லும்படியான சந்தை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணம்தான் பழைய ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012-ம் ஆண்டில் ஆள் சேர்வது நின்றதும் எல்லாம் நின்றது. பட்டினியில் தவித்த பறவைகளுக்குக் கடைசியில் அரசே தீவனம் போட வேண்டியதாயிற்று.

ஆக்சலாட்டில் விஷயத்தையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பெண் ஆக்சலாட்டில் ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைகள் இடும். ஐந்து ஜோடியிலிருந்து ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் வரும். இப்படி இருபது பேர் வளர்த்தால், அத்தனையையும் யார் வாங்குவார்கள்? சட்டப்படி விற்க முடியாத பொருளுக்கு ஏற்றுமதி இல்லை. வெளிப்படையான சந்தையும் இல்லை. மிஞ்சுவது, அடுத்து ஏமாறப்போகும் இன்னொரு குடும்பம்தான்.

உயிரினம் எதுவானாலும், ‘வளர்த்துக் கொடு, வாங்கிக்கொள்கிறேன்’ என்று யார் வந்தாலும் பணம் கொடுக்கும் முன் இந்த ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள்.

1. இந்த உயிரினத்தை வளர்த்து விற்க எந்தத் துறை அனுமதி கொடுத்தது? அதன் நகல் எங்கே?

2. தாய்ப் பிராணி எங்கிருந்து வந்தது? வெளிநாடு என்றால் இறக்குமதி உரிமமும், கால்நடைத் தனிமைப்படுத்தல் சான்றும் உண்டா?

3. இதைக் கடைசியாகக் காசு கொடுத்து வாங்குபவர் யார்? புதிதாகச் சேரும் வளர்ப்பாளர் அல்லாத வாடிக்கையாளர் எவராவது உண்டா?

4. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் உண்டா? இறந்துபோனால் நஷ்டம் யாருக்கு?

5. மூன்று ஆண்டுகளாக இதை வளர்த்து லாபம் பார்க்கும் ஒரு பண்ணையை நேரில் காட்ட முடியுமா?

இவற்றில் ஒன்றுக்குக்கூட நேரான பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், ரசீது, பணம் அனுப்பிய விவரம், கைப்பேசி உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, மாவட்டப் பொருளாதாரக் குற்றப் பிரிவு காவல்துறையில் புகார் செய்யலாம்.

மகளிர் குழுக் கடன் என்பது ஒருவர் பெயரில் வாங்கினாலும், குழுவிலுள்ள அத்தனை பேரின் நம்பிக்கை மேல் நிற்பது. ஒருவர் தவணை தவறினால் அடுத்த ஆண்டு மற்றவருக்குக் கிடைக்க வேண்டிய கடனும் தள்ளிப்போகும். ஆகவே, குழுவில் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடுவது நல்லது.

ஏரியில் விட்டால் என்ன ஆகும்?

வளர்த்துச் சலித்தவர்கள் தொட்டி மீனை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆக்சலாட்டில் நம் ஏரிச் சூட்டில் பிழைக்காது. ஆனால், அது இருந்த தண்ணீரும் ஆபத்தானதுதான். தவளை இனங்களைக் கொல்லும் ‘கைட்ரிட்’ என்ற பூஞ்சை, அயல்நாட்டு இருவாழ்விகளின் வணிகத்தோடு சேர்ந்துதான் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. நெல் வயலில் பூச்சிகளைத் தின்னும் தவளையின் அருமை விவசாயிகளுக்குத் தெரியும். அந்தத் தவளைகளைக் காப்பாற்றத்தான் 1987-ம் ஆண்டில் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியை நிறுத்தியது.

ஒளிரும் மீன்கள் இதைவிடச் சிக்கலானவை. முதன்முதலில் ஒளிரவைக்கப்பட்ட மீன்களில் ஒன்று வரிக்குதிரை மீன். அது கங்கை, பிரம்மபுத்திரா பகுதிகளின் ஓடைகளையும் வயல் வாய்க்கால்களையும் சேர்ந்த நம் நாட்டு மீன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், தண்ணீர் மாசுபட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் மீனாக உருவாக்கும் நோக்கத்தோடு தொடங்கிய ஆய்வு அது. 2003-ம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அழகு மீனாக விற்பனைக்கு வந்தது. பிரேசில் நாடு 2017-ம் ஆண்டில் இதன் விற்பனையைத் தடை செய்தது. ஆனால், அதற்கு முன்பே பண்ணைகளிலிருந்து தப்பியவை, அங்குள்ள ஓடைகளில் சொந்தமாக இனப்பெருக்கம் செய்துகொண்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2022-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். பிரேசிலில் அந்த மீனுக்கு உறவினம் இல்லை. இந்தியாவில் இருக்கிறது. இங்கே தப்பினால் ஒளிரும் மரபணு நம் ஓடை மீனோடு கலந்துவிடும். பிறகு பிரித்தெடுக்க முடியாது.

ஏற்கெனவே ஒளிரும் மீனோ, ஆக்சலாட்டிலோ வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை எந்த நீர்நிலையிலும் விடக் கூடாது. மற்றவருக்குக் கைமாற்றவும் கூடாது. தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் கொட்ட வேண்டாம். ஆக்சலாட்டில் என்றால் வனத்துறை அலுவலகத்திலும், மீன் என்றால் மீன்வளத் துறை அலுவலகத்திலும் விவரம் சொல்லி, அவர்கள் சொல்லும் வழியில் நடந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தொட்டியில் எதை வளர்க்கலாம்?

கைவசமுள்ள சிமென்ட் தொட்டி வீணாக வேண்டியதில்லை. கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் வண்ண மீன்கள் 24 முதல் 30 டிகிரி வரை நன்றாக வளரும். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை. சென்னை கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்போன இடம். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் பல குடும்பங்கள் இந்த மீன்களை வளர்த்துத்தான் அங்கே அனுப்புகின்றன.

தொட்டி புதிதாகக் கட்டியது என்றால், தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, கழுவி, மறுபடியும் இரண்டு மூன்று முறை நிரப்பி வடிக்க வேண்டும். சிமென்ட்டின் காரம் போன பிறகே மீன் விட வேண்டும். தொட்டியின் பாதிப் பகுதிக்குத் தென்னங்கீற்று நிழல் போதும். பறவையும் பாம்பும் இறங்காமல் மேலே வலை கட்ட வேண்டும். ஓர் ஆண் மீனுக்கு மூன்று, நான்கு பெண் மீன்கள் என்ற கணக்கில் விடலாம். சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். தாய் மீனே குட்டியைத் தின்றுவிடும் என்பதால், ஒளிந்துகொள்ள வேலம்பாசியைப் போட்டு வைக்க வேண்டும். தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் மாவாக்கிச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கொசுப்புழு கிடைத்தால் இன்னும் நல்லது. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். எடுத்த தண்ணீரை வீட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். மருந்து அடித்த ஸ்பிரேயரைத் தொட்டிக்குப் பக்கத்தில் கழுவவே கூடாது. மாட்டுக்கு உண்ணி மருந்து தெளிக்கும் அன்றும் தொட்டியை மூடி வைக்க வேண்டும். கப்பியும் வெளிநாட்டு மீன்தான் என்பதால், தொட்டியின் வழிந்தோடும் குழாய் வாயில் சிறு கண் வலை கட்டாயம்.

முதலில் கடன் வாங்காமல் ஒரு தொட்டியில் 20, 30 மீன்களோடு தொடங்குவது நல்லது. வளர்க்கும் முன்பே திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரி ஊர்களில் உள்ள மீன் கடைகளில் எந்த ரகத்தை, எந்த அளவில், என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று முறை விற்றுக் காசு பார்த்த பிறகு பெரிதாக்கலாம்.

அந்த நேரத்தில் உதவிக்கு அரசு வழி இருக்கிறது. 2020-ம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில், வீட்டுப் புறக்கடையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு வைத்து, பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. நடப்பு ஆண்டு ஒதுக்கீட்டை விழுப்புரம் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்குத் திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பொன்னேரி கல்லூரியையும் அணுகலாம்.

மகனுக்கு என்ன சொல்வது?

பையனின் ஆசையில் தவறு இல்லை. ‘வாங்கித் தர முடியாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஏன் முடியாது என்று அவனிடம் விளக்கினால் புரிந்துகொள்ளும் வயதுதான். அந்தப் பிராணிக்குத் தேவையான குளிர்ச்சியை நம் வீட்டில் கொடுக்க முடியாது, கொடுக்காமல் வைத்தால் அது துன்பப்பட்டுச் சாகும் என்று சொல்லலாம். கப்பித் தொட்டியின் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்து, எத்தனை குட்டி பிறந்தன, எத்தனை பிழைத்தன என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லலாம்.

ஐப்பசி மழையில் வயலோரக் குட்டைகள் நிரம்பும்போது தலைப்பிரட்டைகள் கூட்டமாக நீந்தும். பிடித்து வர வேண்டாம். தினமும் மாலையில் போய்ப் பார்த்தாலே போதும். முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால் முளைத்து, வால் குறைந்து, சில வாரங்களில் அவை கரையேறிவிடும். ஆக்சலாட்டில் கடந்து போகாத அந்தப் படியை, அனந்தபுரத்துக் குட்டையிலேயே அவன் செலவில்லாமல் பார்த்துவிடலாம்.